நோட்டீஸ் போட்டனாங்கள்தானே!

நோட்டாம் என்று ஒரு சாமான் இருக்கு. கேள்விப்பட்டிருக்கிறீங்களோ? 2025இல் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றுக்கொன்று வான்வெளியை மூடிப்போட்டு, அந்தத் தடையை மாதாமாதம் நீட்டிக்கொண்டிருந்த நேரம், யூடியூப்காரர் எல்லாம் "நோட்டாம் வெளியானது!" என்று சிவப்பு எழுத்தில் போட்டுக் கத்தினவை. வங்காள விரிகுடாவில் ஏவுகணைச் சோதனை என்றாலும் அதே கூத்துத்தான். ஏதோ யுத்தப் பிரகடனமாக்கும் என்று சனம் பயந்தது. பயப்படாதேங்கோ. அது ஒரு நோட்டீஸ். விமானிகளுக்குப் போடுற நோட்டீஸ். இந்த ஓடுபாதை மூடியிருக்கு, அந்த விளக்கு எரியாது, இந்த வான்வெளிக்குள்ளே இத்தனை மணிக்கு வராதே. அவ்வளவுதான் சங்கதி.

எனக்கு இந்தச் சனியன் அறிமுகமானது மருமகனால். தங்கச்சியின்ரை மூத்தவன், இரத்மலானையில் பறக்கப் படிக்கிறான். லீவுக்குக் கிளிநொச்சிக்கு வந்த இடத்தில், அடுத்த பறப்புக்குப் பிளான் போடவேணும் என்று லப்டொப்பைத் திறந்து வைச்சுக்கொண்டிருந்தான். முகம் சுண்டிப்போய்க் கிடந்தது. "என்னடா?" என்றேன். "மாமா, நீங்கள் இங்கிலீஷ் படிப்பிச்சனீங்கள்தானே. இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ பாப்பம்" என்று திருப்பிக் காட்டினான்.

வாசிக்கிறதோ? பக்கம் பக்கமாகப் பெரிய எழுத்து. சின்ன எழுத்து மருந்துக்கும் இல்லை. வசனம் எங்கே தொடங்குது, எங்கே முடியுது? ஆர்.டபிள்யூ.வை. சி.எல்.எஸ்.டி. டியூ டபிள்யூ.ஐ.பி. இது என்ன கண்டறியாத பாஷை? 'ஓடுபாதை மூடியிருக்கு, வேலை நடக்குது.' இவ்வளவுதான் அதின்ரை அர்த்தம். இதைச் சொல்ல அவைக்கு உயிரெழுத்து வாங்கக் காசில்லையாம்! எத்தனை பிள்ளையளுக்கு இலக்கணம் சொல்லிக் குடுத்த வாய் என்ரை வாய். அடைச்சுப்போச்சு.

சரி, சுருக்கம்தானே, பழகினால் வரும் என்று விடுவம். வரிசையைப் பாருங்கோ. ஒரு கோபுரத்து உச்சியில் சிவப்பு விளக்கு எரியேல்லை. ஒரு இடத்தில் புல் வெட்டுகினம். இன்னொரு இடத்தில் பறவையள் பறக்குது. (பறவை பறக்காமல் பஸ்ஸிலேயோ போகும்?) எங்கேயோ ஒரு கிரேன் நிக்குது. இவ்வளவையும் தாண்டிப் போனால், நடுவிலே, அதே எழுத்தில், அதே அளவில், ஓடுபாதையே மூடியிருக்கு என்று ஒரு வரி. முக்கியமானதுக்கு ஒரு நிறம் இல்லை, அடியில் ஒரு கோடு இல்லை. புல்லுக்கும் ஓடுபாதைக்கும் ஒரே மரியாதை. என்ன ஒரு சமத்துவம்!

நேரத்தை ஏன் கேக்கிறீங்கள். பத்து இலக்கம் ஒட்டினபடி கிடக்கும்: 2507140330. ஆற்றையோ ஃபோன் நம்பர் என்று அடிச்சுப் பாத்திடாதேங்கோ. 2025ஆம் ஆண்டு, ஏழாம் மாதம், 14ஆம் திகதி, மூன்றரை மணி. எந்த மூன்றரை? கிரீன்விச் மூன்றரை. எங்கடை நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் கூட்டினால் காலை ஒன்பது. உலகம் முழுக்கப் பறக்கிறவைக்கு ஒரே நேரம் வேணும்தான், அதில் நியாயம் இருக்கு. வன்னிச் சனத்துக்கு இந்தக் கணக்குப் புதிசும் இல்லை. 1996இல் கொழும்பு மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளினது, புலிகள் இயக்கத்தின் கட்டுப்பாட்டுப் பகுதி பழைய நேரத்திலேயே நிண்டது. 2006இல் கொழும்பு தன்ரை மணிக்கூட்டைத் திருப்பி வைக்கும்வரை, ஓமந்தையில் ஒரு நேரம், அங்காலை ஒரு நேரம். கலியாண வீட்டுக்குப் போகவே "பழைய நேரமோ, புதிய நேரமோ?" என்று கேட்ட ஆக்கள் நாங்கள். கலியாணத்தில் கணக்குப் பிழைச்சால் சோறு ஆறும். பறக்கிறவனுக்குப் பிழைச்சால்?

முடிவு நேரத்துக்குப் பக்கத்தில் சிலவேளை ஈ.எஸ்.டி. என்று மூன்று எழுத்து நிக்கும். உத்தேசமாம். எப்ப முடியும் என்று போட்டவைக்கே தெரியாது. அவை திரும்பி வந்து ரத்துச் செய்யும்வரை அது உயிரோடை இருக்கும். ஒரு நோட்டாம் மூன்று மாதத்துக்கு மேல் ஓடக்கூடாது என்று சர்வதேச விதி சொல்லுது. விதி சொன்னால் ஆர் கேக்கினம்? புதுப்பிச்சுப் புதுப்பிச்சு இழுக்கிறது. கடைசியில் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பே 2021இல், பழைய நோட்டாமுகளைக் கழிச்சு எறியுங்கோ என்று உலகம் முழுக்கப் பிரசாரம் செய்யவேண்டி வந்தது.

ஏன் இப்படி? இது டெலிபிரிண்டர் காலத்துப் பழக்கம். கம்பியில் ஒவ்வொரு எழுத்தாக ஊர்ந்து போன காலத்தில் சுருக்கினது சரி. இன்றைக்குப் பரந்தன் சந்தியில் கச்சான் விக்கிற பெடியன் வீடியோக் கோலில் கனடாவோடை கதைக்கிறான். வானத்தில் போறவனுக்கு மட்டும் இன்னும் தந்தி! அமெரிக்காக்காரர் ஒரு பெரிய திருத்தம் செய்தவை. 2021 கடைசியில் அந்த நோட்டீஸின்ரை பெயரை மாத்தினவை. 2025 தொடக்கத்தில் திரும்பப் பழைய பெயருக்கே மாத்தினவை. பெயர்ப்பலகை மாத்துற வியாதி எங்கடை நாட்டுக்கு மட்டும் என்றல்லோ நினைச்சிருந்தேன்.

எங்களுக்கென்ன, பறக்கிறது பெடியன்தானே என்பீங்கள். பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமானது. நடுவில் நிண்டுபோன சென்னைச் சேவையை அலையன்ஸ் எயார் 2022 டிசம்பரில் திரும்பத் தொடங்கினது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் வந்தது. கிளிநொச்சியிலிருந்து விடிய வெளிக்கிட்டுப் போய், சாமான் நிறுத்து, ஜன்னல் சீற் கிடைச்ச சந்தோசத்தில் நீங்கள் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடுறீங்கள். முன்னுக்கு இருக்கிற விமானி அதுக்கு முதல் இந்தக் கட்டைத்தான் வாசிச்சிருக்க வேணும். எட்டாம் பக்கத்தில் கண் சொருகியிருந்தால்?

எட்டாம் பக்கம் என்று சும்மா சொல்லேல்லை. 2017 ஜூலை 7, இரவு. எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சொந்தமாவது இருக்கிற ரொறன்ரோவிலிருந்து போன எயார் கனடா 759, சான் பிரான்சிஸ்கோவில் இறங்க வந்தது. அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓடுபாதை. இடப்பக்கத்து ஓடுபாதையை அன்றிரவு வேலைக்காக மூடி, விளக்கையும் அணைச்சிருந்தவை. அதுக்கு நோட்டாமும் இருந்தது. எங்கே? 27 பக்கக் கட்டில் எட்டாம் பக்கத்தில். விமானிகளின் மனதில் அது நிக்கேல்லை. எரிஞ்சுகொண்டிருந்த ஓடுபாதையை இடப்பக்கத்தது என்று நினைச்சு, அதற்கு வலப்பக்கம் கிடந்த டாக்ஸிவேயை ஓடுபாதையாக எடுத்துக்கொண்டு இறங்கினவை. அந்த டாக்ஸிவேயில் நாலு விமானம், ஆட்களோடு, புறப்பட வரிசையில் நிக்குது! கடைசி நேரத்தில் திரும்ப மேலே எழும்பினபோது நிலத்துக்கும் விமானத்துக்கும் இடையில் ஏறத்தாழ 60 அடி. வளர்ந்த ஒரு பனையின் உயரம். ஆயிரம் பேருக்கு மேல் உயிர் தப்பினது அந்த ஒரு பனை இடைவெளியில்.

அடுத்த வருசம் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் தலைவர் றொபேர்ட் சம்வால்ட், இந்த விபத்துத் தப்பினதைப் பற்றின பகிரங்கக் கூட்டத்திலேயே சொன்னார், நோட்டாம் என்பது ஆரும் கவனிக்காத குப்பைக் கும்பலாகிப்போச்சு என்று. பாத்தீங்களோ? அவர் சொன்னால் செய்தி. நான் சொன்னால் 'மாஸ்டருக்கு வயசு போட்டுது.'

குப்பை என்று தெரிஞ்சும் ஏன் கொட்டுகினம்? அங்கேதான் விஷயம் இருக்கு. புறப்பட முதல், கிடைக்கக்கூடிய தகவல் எல்லாத்தையும் விமானி அறிஞ்சிருக்க வேணும் என்பது விதி. எல்லாத்தையும்! அப்ப, நோட்டீஸ் போடுறவருக்கு என்ன புத்தி வரும்? எரியாத விளக்கையும் போடு, புல்லையும் போடு, பறவையையும் போடு. நாளைக்கு ஏதும் நடந்தால் ஆரும் எங்களைக் கேக்கேலாது. போட்டவர் வீட்டில் நிம்மதியாக நித்திரை கொள்ளுவார். வாசிக்கத் தவறினவன் குற்றவாளி. வருசத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் நோட்டாம் பிறக்கிற ரகசியம் இதுதான். ஆபத்தை அறிவிக்கிறதுக்காக எழுதினதை விட, பழியைக் கைமாத்துறதுக்காக எழுதினது கூட.

"நோட்டீஸ் போட்டனாங்கள்தானே!" இந்த வசனத்தை நீங்கள் எங்கேயும் கேட்டதில்லையோ? நான் போன மாதமும் கேட்டேன். காணி அலுவலாக ஒரு கந்தோருக்குப் போனால், விண்ணப்ப முடிவு திகதி போய்விட்டதாம். "பலகையில ஒட்டினனாங்கள் ஐயா, நீங்கள் பாக்கேல்லையோ?" போய்ப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டி, அதுக்குப் பூட்டு. உள்ளே பழைய நோட்டீஸுக்கு மேல் புது நோட்டீஸ், அதுக்கு மேல் டெங்கு ஒழிப்பு, அதுக்கும் மேல் இடமாற்றம் பெற்றுப் போன ஆற்றையோ பிரியாவிடை. என்ரை முடிவு திகதி எல்லாத்துக்கும் அடியில் மூலையைக் காட்டிக்கொண்டு கிடந்தது. எட்டாம் பக்கம்!

கரண்ட் நிக்கும் என்ற மெசேஜ் கரண்ட் நிண்டு, ஃபிரிட்ஜில் மீன் உருகின பிறகு வரும். சிங்களத்தில் மட்டும் அச்சடிச்ச கடிதம் வீட்டுக்கு வரும். அதை வாசிப்பிக்க ஆள் தேடி நான் கடை கடையாகத் திரியவேணும். தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் 1987இலேயே எழுதியாச்சு. அதுவும் ஒரு நோட்டீஸ்தான். அதை வாசிக்க வேண்டிய கந்தோர்கள் எந்தப் பக்கத்தில் நிக்கினமோ!

இது எரிச்சலோடை நிண்டால் பரவாயில்லை. 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தாண்டு போன பிறகு, இரணைமடு வான்கதவுகளை எப்ப திறந்தவை, பிந்தித் திறந்தவையோ என்று எத்தனை வாக்குவாதம், எத்தனை விசாரணை! 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோதும், எச்சரிக்கை தமிழில் நேரத்துக்கு வரேல்லை என்ற குறை கேட்டது. தண்ணி மொழிபெயர்ப்பாளர் வரும்வரை காத்திருக்காது பாருங்கோ.

நோட்டீஸைக் குடுத்திட்டால் கடமை முடிஞ்சுது என்ற இந்த நினைப்பு எவ்வளவு பொல்லாதது என்று தெரியவேணுமோ? 2000 ஒக்டோபர் 31, தாய்பே. சூறாவளி மழை, இரவு. சிங்கப்பூர் எயார்லைன்ஸ் 006 லொஸ் ஏஞ்சல்ஸுக்குப் புறப்பட வேணும். ஒரு ஓடுபாதையில் திருத்த வேலை நடந்தது. அதுக்கு நோட்டாம் இருந்தது, விமானிகளுக்கும் அது தெரியும். அப்பிடியிருந்தும் மழைக்குள்ளே அந்த ஓடுபாதைக்கே திரும்பி, வேலைக்கு நிண்ட இயந்திரங்களோடை மோதினவை. 179 பேரில் 83 பேர் செத்தவை. பிழை விமானிகளில் என்று தாய்வான் விசாரணை சொன்னது, விமான நிலையத்தின் குறைகளைச் சிங்கப்பூர் தரப்பு காட்டினது. ஒரு விஷயம் மட்டும் மறுக்கேலாதது: அந்த ஓடுபாதையின் வாசலில் ஒரு தடுப்பு இல்லை. காகிதத்தில் மூடினது, தரையில் திறந்து கிடந்தது.

2014 ஜூலை 17. எம்.எச். 17. கிழக்கு உக்ரைனின் வான்வெளியை 32,000 அடி வரைக்கும் மூடி நோட்டாம் போட்டிருந்தவை. அந்த விமானம் பறந்தது 33,000இல். ஏவுகணையில் செத்தது 298 பேர். ஏன் மூடினம் என்று அந்த நோட்டாமில் உருப்படியாக ஒரு காரணம் இல்லை என்று நெதர்லாந்துப் பாதுகாப்புச் சபை எழுதியிருக்கு. 'கீழே சண்டை, மேலே எட்டக்கூடிய ஏவுகணை இருக்கலாம்.' இந்த ஒரு வரி இருந்திருந்தால், அன்றைக்கு மட்டும் அந்த வழியால் போன 160 விமானத்தில் எத்தனை திரும்பியிருக்கும்?

வானத்து நோட்டீஸைப் பற்றி வன்னிக்கு ஆரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1998 செப்டம்பர் 29, பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் 55 பேரோடு கடலில் விழுந்தது. புலிகளின் ஏவுகணை என்பது பொதுவாக ஏற்கப்பட்ட முடிவு. சிதைவு 2012இல்தான் கண்டுபிடிபட்டது, எங்கடை மாவட்டத்து இரணைதீவுக் கடலுக்கடியில். டிக்கெட் வாங்கின அந்தச் சனத்துக்கு வானத்தின் நிலவரத்தை ஆர் எழுதிக் குடுத்தது? பிறகு 2009 ஜனவரி. மேலேயிருந்து துண்டுப் பிரசுரம் விழுந்தது, பாதுகாப்பு வலயத்துக்குப் போங்கோ என்று. தமிழில்தான் இருந்தது. சனம் ஒரு எழுத்து விடாமல் வாசிச்சது, மூட்டை கட்டிப் போனது. அந்த வலயத்துக்குள்ளேயே எறிகணை விழுந்ததை ஐ.நா. நிபுணர் குழு 2011இல் பதிஞ்சு வைச்சிருக்கு. நோட்டீஸை வாசிக்காமல் செத்தவை உலகத்தில் இருக்கினம். வாசிச்சு, நம்பிச் செத்தவை எங்கடை ஆக்கள். இதுக்கு மேல் இதைப்பற்றி எழுத எனக்குக் கை வராது.

இவ்வளவு திட்டுறியே, ஒழுங்கான நோட்டீஸ் என்று ஒன்றை நீ கண்டிருக்கிறியோ என்று கேப்பீங்கள். கண்டிருக்கிறேன். முகமாலையில். சிவப்புப் பலகை, மண்டையோடு, 'மிதிவெடி அபாயம்' என்று மும்மொழியில். ஆபத்து எங்கேயோ அங்கேயே நிக்கும், கந்தோர்க் கண்ணாடிப் பெட்டிக்குள்ளே நிக்காது. பள்ளிக்கூடம் போகாத கிழவிக்கும் விளங்கும், சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். கண்டவுடனே கால் நிக்கும். நிலத்தைத் துப்புரவாக்கி முடிச்சால் பலகையைக் கழட்டிப்போடுவினம். அங்கே புல் வெட்டுகினம், பறவை பறக்குது என்று ஒரு பலகையும் கிடையாது. எது சாகடிக்குமோ அது மட்டும். மிதிவெடி அகற்றுகிற எங்கடை பிள்ளையள், வெயிலுக்குள்ளே முழங்காலில் நிண்டு நிலத்தைத் தட்டுற பெட்டையள், விளங்கி வைச்சிருக்கிற விஷயம் பெரிய பெரிய அமைப்புகளுக்கு விளங்காமல் போனது எப்படி?

ஒரு பகிடி சொல்லட்டோ? ஆரும் வாசிக்கிறதில்லை என்று சொன்ன அதே நோட்டாம், 2023 ஜனவரி 11 அமெரிக்காவில் படுத்துப்போச்சு. ஒப்பந்த வேலைக்காரர் தவறுதலாகக் கோப்புகளை அழிச்சுப்போட்டினமாம். உடனே நாடு முழுக்கப் புறப்பாடு நிறுத்தம். ஆயிரக்கணக்கான விமானங்கள் பிந்தினது. வாசிக்கேலாத நோட்டீஸ் இருந்தால் பறக்கலாம், அந்த வாசிக்கேலாத நோட்டீஸ் இல்லாட்டில் பறக்கேலாது! எங்கடை கந்தோர்களில் ஆரும் திறந்து பாக்காத பைல் ஒன்று துலைஞ்சால் வேலை முழுக்க நிக்கிற மாதிரியே இல்லையோ?

மருமகன் என்ன செய்யிறான்? ராவிரவாக இருந்து, ஒவ்வொன்றாக மஞ்சள் கோடு அடிச்சு, நேரத்துக்கு ஐந்தரை கூட்டி, தன்ரை வழியில் வாறதை மட்டும் ஒரு கொப்பியில் தமிழில் எழுதுறான். நான் பக்கத்தில் இருந்து சுருக்கங்களுக்கு அர்த்தம் தேடிக் குடுக்கிறேன். ஓய்வூதியம் எடுக்கிற வயதில் எனக்கு இந்த உத்தியோகம்! அவன் செய்யிற வேலை, போட்டவர் செய்திருக்க வேண்டிய வேலை. என்ன, எங்கே, எந்த நேரம் தொடக்கம் எந்த நேரம் வரை, ஏன். நாலே நாலு கேள்வி. சாகடிக்கக்கூடியதை முதல் பக்கத்தில் போடு. முடிஞ்சதைக் கழட்டு. வாசிக்கிறவன்ரை பாஷையில் எழுது. இது ரொக்கெட் விஞ்ஞானமோ?

நீங்களும் ஒரு காரியம் செய்யுங்கோ. விளங்காத கடிதம் வந்தால் சும்மா மடிச்சு அலுமாரிக்குள்ளே வைக்காதேங்கோ. கொண்டுபோய்க் குடுத்து, தமிழில் தாங்கோ என்று கேளுங்கோ. தரும்வரை நில்லுங்கோ. அடுத்த தடவை ஆராவது உங்களிட்டை "நோட்டீஸ் போட்டனாங்கள்தானே" என்று சொன்னால், தலையைச் சொறிஞ்சுகொண்டு திரும்பி வராதேங்கோ. "ஆருக்குப் போட்டனீங்கள்?" என்று கேளுங்கோ.